கணக்கப்பிள்ளை வெறுங்கையோடு வந்த சனிக்கிழமை

தீவான் அடிக்கிற பந்து கடலில்தான் போய் விழும் என்று யாழ்ப்பாணத்துக் கழகக்காரர்கள் எங்களைப் பகிடி பண்ணுவார்கள். அதிலே பொய் ஒன்றும் இல்லை. எங்கள் ஊர் மைதானத்தின் வடக்குக் கோல் கம்பங்களுக்குப் பின்னால் கொஞ்சம் தாழம்பற்றை, அதற்குப் பின்னால் கடல். தெற்கிலிருந்து சோளகக் காற்று வீசும் மாதங்களில் வடக்கே பார்த்து அடித்த பந்தைப் பிடிப்பதற்கென்றே ஒருவர் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு முழங்கால் தண்ணீரில் காவல் நிற்பார். அப்படியொரு மைதானத்தில் பழகிய கழகம்தான் ஒரு வருஷம் இரண்டாம் பிரிவில் முதலிடத்துக்கு வந்து முதலாம் பிரிவுக்கு ஏறியது. அங்கே எத்தனை வருஷம் நின்றுபிடித்தீர்கள் என்று கேட்பவர்களுக்கு நான் தேத்தண்ணீர் ஊற்றிக் கொடுத்துக் கதையை மாற்றிவிடுவேன். ஏறினோம், அதுதான் பேச்சு.

எனக்கு அப்போது ஒன்பது வயது. கழகத்தில் விளையாடிய பதினொரு பேரில் ஒன்பது பேருக்குப் பூட்டன் ஒருவரே. கோல் காத்தவர் அனலைதீவிலிருந்து எங்கள் ஊரில் கல்யாணம் முடித்து வந்தவர். இடது பக்கம் ஓடியவர் ஊர்காவற்றுறைத் தேவாலயத்தடியைச் சேர்ந்தவர். மற்றவர்கள் எல்லோரும் எங்கள் பகுதிதான்: ஒன்றுவிட்ட சித்தப்பாமார், பெரியப்பாமார், அண்ணன்மார். என் ஐயா கழகத்தின் தலைவர், வலது பக்கக் காவல், இரண்டாம் இலக்கம். அதே பக்கத்தில் முன்னுக்கு ஓடிக் கோல் அடிக்கிற ஏழாம் இலக்கம் எங்கள் அண்ணை.

அண்ணை என்றால் என்னோடு பிறந்தவன் அல்ல. ஐயாவின் தமையனாருடைய ஒரே மகன். பெரியம்மா அவனைப் பெற்ற கையோடு காலமாகிவிட்டார். பெரியப்பா தெற்கே குருநாகலில் கடை வைத்திருந்தார். ஆகவே அவன் எங்கள் வீட்டில் அம்மாவின் கைச்சோறு தின்று வளர்ந்தான். பெரியப்பா வருஷத்தில் ஒரு தடவை கோயில் திருவிழாவுக்கு வருவார். திருவிழாக் காலத்தில் ஊரில் யாரும் பந்தைத் தொடமாட்டார்கள். அதனால் மகன் விளையாடி அவர் ஒரு நாளும் பார்த்ததில்லை. ஆனாலும் கழகத்துக்குச் சட்டைத்துணி அனுப்பியவர் அவர்தான். கடையில் விலைப்படாமல் கிடந்த, நாவற்பழ நிறத்துத் துணி. அந்த நிறத்தைப் பார்த்து யாழ்ப்பாணத்தில் சிரித்தார்கள். வருஷ முடிவில் சிரிப்பு நின்றுவிட்டது.

உறவு கூடினால் மரியாதை கூடும், மரியாதை கூடினால் பந்து உருளாது. இதை அந்த வருஷத்து முதல் ஆட்டத்திலேயே கண்டோம். அண்ணை எதிர்க் காவல்காரர் எல்லோரையும் தாண்டிக் கோலுக்கு முன்னால் தனியாக நிற்கிறான். கோல் காப்பவர் நிலத்தில் விழுந்து கிடக்கிறார். குழந்தைப்பிள்ளை தட்டிவிட்டாலும் பந்து உள்ளே போகும். அந்த நேரம் பின்னால் மூச்சு வாங்க ஓடி வந்த ஒன்றுவிட்ட சித்தப்பா ஒருவர், “தம்பி, இஞ்சை தா” என்று கேட்டார். அண்ணை கொடுத்தான். பெரியவர் கேட்டால் கொடுக்காமல் என்ன செய்வது? சித்தப்பா ஓங்கி அடித்தார். பந்து கோலுக்கு மேலால் பறந்து மதிலுக்கு அப்பால் யாரோ வீட்டுக் கிணற்றில் விழுந்தது. நாங்கள் தோற்றோம். பஸ்ஸில் திரும்பி வரும்போது ஒருவரும் ஒருவரையும் குறை சொல்லவில்லை. பண்ணைப் பாலம் கடக்கும்வரை அண்ணையின் பணிவைப் புகழ்ந்துகொண்டே வந்தார்களாம்.

புகழாதவர் மாமா ஒருவர்தான். மாமா அம்மாவின் தம்பி, கூட்டுறவுச் சங்கக்கடைக்கு மனேச்சர், கழகத்துக்கும் மனேச்சர். அவருக்குப் பந்தை உதைக்கத் தெரியாது, உதைக்கத் தெரிந்தவர்களை உதைக்கத் தெரியும் என்று ஐயா சொல்வார். மறுநாள் பின்னேரம் மாமா எல்லோரையும் மைதானத்தில் கூட்டி வைத்து, சுண்ணாம்புக் கோட்டைக் காட்டினார்.

“இந்தக் கோட்டுக்கு உள்ளுக்கை சித்தப்பனும் இல்லை, பெறாமகனும் இல்லை. முதுகில கிடக்கிற நம்பர்தான் ஆள்.”

அன்று தொடக்கம் மைதானத்தில் முறை சொல்லி அழைப்பது தடை. முதல் நாள் யாருக்கும் நாக்குப் புரளவில்லை. ஐந்தாம் இலக்கக்காரர், மீசை முளைக்காத ஒருவன் தன்னை ‘அஞ்சு’ என்று அதட்டியதைக் கேட்டதும் சால்வையை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டார். அவரைத் திருப்பிக் கூட்டிவர மாமா மூன்று நாள் நடந்தார். வளர்த்தவரையே ‘ரெண்டு’ என்று கூப்பிட ஒரு பிள்ளைக்குப் பழக்குகிறானே என்று அம்மா தன் தம்பியோடு கதைப்பதை விட்டுவிட்டார். அண்ணைதான் கெதியில் பழகினான். மைதானத்தில் “ரெண்டு, ரெண்டு” என்று ஐயாவை விரட்டுவான். வீட்டுக்கு வந்ததும் அதற்கெல்லாம் ஈடு செய்வது போலச் சித்தப்பா, சித்தப்பா என்று கை கழுவத் தண்ணீர் வார்ப்பான், பாய் விரிப்பான். ஐயா மீசைக்குள்ளே சிரித்துக்கொள்வார்.

அதற்குப் பிறகு எங்களைப் பிடிக்க ஒருவருக்கும் ஏலவில்லை. மழைக்குள் வென்றோம், சேற்றுக்குள் வென்றோம். காற்றில்லாத யாழ்ப்பாணத்து மைதானங்களில் பந்து அடித்த இடத்துக்கே போவதைக் கண்டு எங்கள் ஆட்கள் முதலில் திகைத்தார்கள், பிறகு அதையும் பழகிக்கொண்டார்கள். ஒரேயொரு தடவை ஏமாந்தோம். எதிர்க் கழகத்தார் எங்கள் சூட்சுமத்தைக் கண்டுபிடித்து, “ஏழு, இஞ்சை தா” என்று தாங்களே கூப்பிட, அண்ணை பந்தை அழகாக அவர்களுக்கே தட்டிக் கொடுத்துவிட்டான். நல்லகாலம், அன்று சமனாய் முடிந்தது. ஒரு பூட்டன் வழி வந்தவர்களின் குரல் கூடவா அடையாளம் தெரியாது என்று மாமா அண்ணையைப் பிடித்து ஏசினார். ஏச்சு எப்போதும் அண்ணைக்குத்தான். மற்றவர்கள் வயதில் மூத்தவர்கள்.

ஒரு பூட்டன் என்பதில் இன்னொரு வில்லங்கமும் இருந்தது. எங்கள் பகுதியில் ஒரு சாவு விழுந்தால் பங்காளிகள் எல்லோருக்கும் முப்பத்தொரு நாள் துடக்கு, சாவுத் தீட்டு. கோயில் இல்லை, மீன் மச்சம் இல்லை, கொண்டாட்டம் இல்லை. பந்தடியைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். யாழ்ப்பாணத்துக் கழகத்தில் ஒருவர் வீட்டில் சாவு என்றால் இன்னொருவரை இறக்குவார்கள். எங்களுக்கோ ஒரு கிழவர் கண்ணை மூடினால் ஒன்பது பேர் வீட்டுக்குள். கழகம் வென்று வென்று மேலே ஏற ஏற, மாமாவுக்கு இந்தப் பயம் பிடித்துக்கொண்டது.

அந்த வருஷம் எங்கள் பகுதிக் கிழங்களுக்கு நடந்த உபசாரம் அதற்கு முன்னும் நடக்கவில்லை, பின்னும் நடக்கவில்லை. சங்கக்கடைக்கு ஹோர்லிக்ஸ் வந்தால் முதல் போத்தல் யாருக்கு இருமலோ அவருக்கு. ஒரு பெரியவரை அண்ணையும் ஐந்தாம் இலக்கக்காரரும் கதிரையில் வைத்துத் தூக்கிக்கொண்டுபோய் ஊர்காவற்றுறை ஆசுபத்திரியில் காட்டினார்கள். அவருக்கு நோய் ஒன்றும் இல்லையாம், கொட்டாவி மட்டும்தானாம். இன்னொருவர் புகையிலை முடிந்தால் பாயில் படுத்துக்கொண்டு முனகத் தொடங்குவார். மாமா புகையிலையோடு ஓடுவார். இப்படியாக ஊரில் உள்ள உயிரையெல்லாம் கட்டிக் காத்தோம். குருநாகலில் ஒரு கடை இருக்கிறது, அதில் பெரியப்பாவோடு எங்கள் பகுதி ஆட்கள் இன்னும் மூன்று பேர் இருக்கிறார்கள் என்பதை யாரும் யோசிக்கவில்லை. உழைக்கிற வயதில் உள்ளவர்கள் சாவார்கள் என்று யார் நினைப்பார்கள்?

கடைசி ஆட்டம் எங்கள் ஊரில். எங்களை விட ஒரு புள்ளி முன்னால் நின்ற கழகம் யாழ்ப்பாணத்திலிருந்து வருகிறது. வென்றால் நாங்கள் முதலாம் பிரிவு. சமனாய் முடிந்தால் அவர்கள்.

அது தபால் தந்திக்காரர் வேலைநிறுத்தம் செய்துகொண்டிருந்த கிழமை. சனிக்கிழமை காலை பஸ்ஸில் பெரியப்பா கடைக் கணக்கப்பிள்ளை வந்து இறங்கினார். சந்தித் தேத்தண்ணீர்க் கடையடியில் அண்ணை சைக்கிளுக்குக் காற்று அடித்துக்கொண்டு நின்றவன் நிமிர்ந்து பார்த்தான். தெற்கே கடை வைத்திருக்கிறவர்களும் கடையில் நிற்கிறவர்களும் ஊருக்கு வரும்போது கையில் பிஸ்கற் பெட்டி இருக்கும், தொதல் இனிப்பு இருக்கும், ஒன்றும் கிடைக்காவிட்டால் ஒரு சீப்பு வாழைப்பழமாவது இருக்கும். கையை வீசிக்கொண்டு வருகிறவர் ஒரே ஒரு அலுவலாகத்தான் வருவார். கணக்கப்பிள்ளையின் கையில் ஒன்றும் இல்லை. முகம் மழிக்கப்படவில்லை. அண்ணை வணக்கம் கூடச் சொல்லாமல், பாதிக் காற்று அடித்த சைக்கிளில் ஏறி மிதித்தான்.

துடக்கு காதால்தான் ஏறும் என்பது எங்கள் ஊர்ச் சட்டம். சாவு எப்போது நடந்தது என்பது கணக்கில்லை, எப்போது கேள்விப்பட்டாய் என்பதுதான் கணக்கு. மலாயாவில் செத்தவருடைய செய்தி மாதங்கள் கழித்து வந்தால் தலை முழுகிவிட்டுச் சோற்றில் கை வைப்பார்கள். ஆகவே அண்ணை ஒழுங்கைக்கு ஒழுங்கை, சந்துக்குச் சந்து சத்தம் போட்டுக்கொண்டு போனது செய்தி அல்ல. “கணக்கப்பிள்ளை வெறுங்கையோட வாறார்” என்பது மட்டும்தான். அதில் துடக்கு இல்லை.

அதன் பிறகு நடந்ததை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் சிரிப்பு வரும். பாவம் அந்த மனுஷன், இரவு முழுக்க மெயில் கோச்சியின் தண்டவாளச் சத்தத்தில் நித்திரை முழித்து, சொல்லவேண்டிய சொல்லை நெஞ்சில் சுமந்துகொண்டு வந்திருக்கிறார். அவர் நடக்க நடக்க முன்னால் படலைகள் சாத்தப்படுகின்றன. வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்த தலைகள் உள்ளே போகின்றன. ஐந்தாம் இலக்கக்காரர் குளித்துக்கொண்டிருந்தவர், ஈர வேட்டியோடு கிணற்றடி வாழைக்குள் புகுந்துகொண்டார். மூப்பர் ஒருவர் எதிர்ப்பட்டு, தனக்குக் காது கேளாது என்று கையால் காட்டினார். அவருக்கு நன்றாகவே காது கேட்கும்.

எங்கள் வீட்டுப் படலையில் நான் நின்றேன். நான் ஏன் ஒளிக்கவேண்டும்? கணக்கப்பிள்ளை வந்தால் எனக்கென்று ஒரு தொதல் பொட்டலம் வரும். அவர் கையில் ஒன்றும் இல்லை. தொதல் கொண்டுவரவில்லையா என்று கேட்டேன். அவர் என் தலையில் கையை வைத்தார். கண் கலங்கினார். மறந்துபோனதற்கு வெட்கப்படுகிறார் என்று நினைத்து, பரவாயில்லை என்றேன்.

முற்றத்தில் ஐயா பூட்ஸுக்கு ஆணி அறைந்துகொண்டிருந்தார். கணக்கப்பிள்ளை வேலிக்கு வெளியில் நின்று தொண்டையைச் செருமினார். ஐயா நிமிரவில்லை. சுத்தியலை மட்டும் பலமாக அடித்தார். அடிக்க ஆணி தீர்ந்துபோன பிறகும் அடித்தார். அந்த நேரத்தில்தான் மாமா சங்கக்கடையிலிருந்து வேட்டியைத் தூக்கிப் பிடித்தபடி ஓடிவந்து, கணக்கப்பிள்ளையின் வாயை உள்ளங்கையால் பொத்தினார்.

“கணக்கர், இஞ்சை ஒரு சொல்லும் சொல்லாதையும். எனக்குச் சொல்லும். நான் வேறை பகுதி, எனக்கு ஒட்டாது. என்ரை வீட்டை வாரும்.”

கணக்கப்பிள்ளைக்குக் கோபம் வந்தது. மனுஷர் வாழுகிற ஊரா இது என்று கேட்டார். மாமா அவரைத் தோளில் பிடித்து நடத்திக்கொண்டு போனார். அம்மா தேத்தண்ணீர்ப் போத்தலை என் கையில் தந்து பின்னால் அனுப்பினார்.

மாமா வீட்டில் இரண்டு பேரும் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்கள். நான் வெளியில் நின்றேன். கணக்கப்பிள்ளை சொன்னது கேட்கவில்லை. அவர் பின்னேரக் கோச்சி, பின்னேரக் கோச்சி என்று இரண்டு தரம் சொன்னதும், கோச்சிக்குத் தான் பொறுப்பு என்று மாமா சொன்னதும்தான் கேட்டது. பிறகு மாமா வெளியே வந்து கிணற்றடியில் வாளி வாளியாகத் தண்ணீர் அள்ளி முகத்தில் ஊற்றினார். என்னைக் கண்டதும், வெக்கை என்றார். சோளகம் கிடுகு வேலியைப் பிய்த்துக்கொண்டு போகிற அளவுக்கு வீசிக்கொண்டிருந்தது.

அதற்குப் பிறகு மாமா ஊரில் ஒன்றே ஒன்றாக இருந்த வாடகைக் காரைப் பேசி, பின்னேரம் மைதானத்துக்குக் கொண்டுவந்து நிறுத்தச் சொன்னார். நான் போய் ஒழுங்கையில் உள்ள பிள்ளைகளுக்கெல்லாம் சொன்னேன்: நாங்கள் வெல்லப்போகிறோம், வென்ற பிறகு ஐயாவையும் அண்ணையையும் காரில் ஏற்றி ஊர்வலம் விடப்போகிறார்கள், எனக்கும் முன் சீற்றில் இடம் இருக்கிறது.

மத்தியானம் சாப்பாட்டில் மீன் இல்லை. காலையில் அம்மா விளைமீன் வாங்கி வெட்டிக் கழுவி வைத்ததை நான் கண்ணால் கண்டேன். இப்போது பருப்பும் கீரையும். மீன் எங்கே என்று கத்தினேன். பழுதாய்ப் போய்விட்டதாம், இடது பக்கம் ஓடுகிறவருடைய வீட்டுக்குக் கொடுத்தாகிவிட்டதாம். பழுதான மீனை யாராவது அடுத்தவருக்குக் கொடுப்பார்களா என்று நான் நியாயம் கேட்டேன். ஐயாவும் அண்ணையும் ஒன்றும் கேட்கவில்லை. பருப்பை ஊற்றிக் குழைத்துச் சாப்பிட்டு எழுந்தார்கள். குருநாகலில் ஆள் இருந்த நாலு வீட்டு அடுப்பிலும் அன்று மச்சம் ஏறவில்லை என்று பின்னாளில் அறிந்தேன். காது கேட்கவில்லை, சமைத்த கை கேட்டுவிட்டது.

ஐயா சட்டையைப் போடும்போது அம்மா கதவடியில் வந்து நின்றார். போகத்தான் வேண்டுமா என்பது போல ஏதோ கேட்டார்.

“கேட்டிருந்தால் போகாமல் விடலாம்,” என்றார் ஐயா. “நான் ஒண்டும் கேக்கேல்லை.”

மைதானத்தில் ஊரே நின்றது. கரம்பொனிலிருந்தும் வேலணையிலிருந்தும் ஆட்கள் சைக்கிளில் வந்திருந்தார்கள். எழுவைதீவிலிருந்து ஒரு வள்ளம் நிறைய வந்து, கரையில் வள்ளத்தை இழுத்துவிட்டு அதன் மேலேயே ஏறி நின்று பார்த்தார்கள். நாணயச் சுண்டலில் தோற்று, முதல் பாதி காற்றுக்கு எதிராக விளையாடினோம். எங்கள் கோல்காப்பாளர் உதைத்த பந்து திரும்பி அவரிடமே வந்தது. அவர்கள் ஒரு கோல் அடித்தார்கள். எங்கள் ஆட்கள் இலக்கம் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தார்கள், ஆனால் குரலில் உயிர் இல்லை. ஒருவருடைய முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. குருநாகலில் இருக்கிற நாலு பேரில் யார் என்று நாலு வீட்டாரும் மனதுக்குள் சீட்டுக் குலுக்கிக்கொண்டு ஓடினார்கள் என்று இப்போது எனக்கு விளங்குகிறது. அன்று எனக்கு அவர்கள் மேல் ஆத்திரம்தான் வந்தது.

இடைவேளையில் எல்லோரும் காருக்குப் பக்கத்து நிழலில் இருந்தார்கள். இடைவேளை என்றால் அது அண்ணைக்கு வழக்கு விசாரணை நடக்கிற நேரம். பந்தை ஏன் வைத்துக்கொண்டு நின்றாய், ஏன் விட்டாய் என்று மாமா பிடித்து உலுக்குவார். நான் அதைக் கேட்பதற்காகவே ஓடிப் போனேன். அன்று மாமா விசாரிக்கவில்லை. எலுமிச்சம்பழத்தைப் பிழிந்து, சீனி கலந்து, அண்ணையின் வாயடியில் தானே பிடித்துப் பருக்கினார். பிறகு தன் சால்வையை எடுத்து அவன் முகத்தைத் துடைத்தார், கழுத்தைத் துடைத்தார். துடைத்த இடத்தையே திருப்பித் துடைத்தார். அண்ணை கூச்சப்பட்டுத் தலையை இழுத்துக்கொண்டான். எனக்குப் பொறாமையாக இருந்தது. ஐயா கொஞ்சம் தள்ளி இருந்து இதைப் பார்த்துக்கொண்டிருந்தார். கையில் இருந்த தண்ணீர்ச் செம்பை அப்படியே கீழே வைத்துவிட்டு எழுந்து மைதானத்துக்குள் போனார். விசில் ஊத இன்னும் நேரம் இருந்தது.

இரண்டாம் பாதியில் காற்று எங்கள் பக்கம். மூலையிலிருந்து இடது பக்கத்தவர் உதைத்த பந்தைச் சோளகம் வளைத்துக்கொண்டு போக, யாழ்ப்பாணத்துக் கோல்காப்பாளர் ஒரு பக்கம் பாய்ந்தார், பந்து மறுபக்கத்தால் உள்ளே போனது. ஊர் ஆர்ப்பரித்தது. ஒன்றுக்கு ஒன்று. சமன் போதாது. அவர்கள் எல்லோரும் பின்னால் வந்து கோலை அடைத்துக்கொண்டு நின்றார்கள். நேரம் போய்க்கொண்டிருந்தது. மாமா ஆட்டத்தைப் பார்க்கவில்லை, கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

அந்த வருஷம் முழுவதும் நடுக்கோட்டைத் தாண்டாத ஐயா அன்று தாண்டினார். அண்ணையிடம் பந்து வந்தது. ஒருவனை வெட்டினான், இன்னொருவனை வெட்டினான். பக்கத்தில் ஐயா தனியாக ஓடி வருகிறார். அண்ணை அவரைத் திரும்பிப் பார்த்தான். எத்தனை இலக்கம் தைத்துப் போட்டாலும் இரத்தத்தில் ஊறிய மரியாதை அவ்வளவு கெதியில் போகுமா? கொடுக்கத்தான் காலை எடுத்தான்.

“எனக்குத் தராதை,” என்று ஐயா கத்தினார். “ஏழு, நீ அடி.”

அண்ணை அடித்தான். பந்து உள்ளே போய், வலையில் இருந்த ஓட்டையால் வெளிப்பட்டு, தாழம்பற்றைக்கு மேலால் கடலுக்குப் போய்விட்டது. முழங்கால் தண்ணீரில் காவல் நின்றவர் அதை விட்டுவிட்டு மைதானத்துக்குள் ஓடி வந்துவிட்டார். வேறு பந்து கொண்டுவந்து நடுவில் வைத்து ஒரு தட்டுத் தட்டியதும் விசில் ஊதிவிட்டது.

பிறகு நடந்தது ஒரு மழை பெய்தது போல. சட்டைகள் பறந்தன. மூப்பர் ஒருவர் ஊன்றுகோலை எறிந்துவிட்டு ஆடினார். அண்ணையைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டு, ஊர் முழுக்க அவன் பின்னால் மைதானத்தைச் சுற்றப் புறப்பட்டது. நானும் ஓடப்போனேன். ஆனால் ஐயாவையும் தூக்கவேண்டும், காரில் ஏற்றவேண்டும், என்னை முன் சீற்றில் வைக்கவேண்டும். ஆகவே ஐயாவைத் தேடினேன்.

ஐயா கூட்டத்துக்குள் போகவில்லை. கோட்டைத் தாண்டி வெளியே வந்து, காரில் சாய்ந்துகொண்டு நின்ற மாமாவுக்கு முன்னால் போய் நின்றார். கணக்கப்பிள்ளை காருக்குள் இருந்தார். நான் ஐயாவின் கையைப் பிடித்து இழுத்தேன். ஐயா என்னைப் பார்க்கவில்லை.

“எத்தினை மணிக்கு?” என்று மாமாவைக் கேட்டார்.

“நேற்று மத்தியானம், அத்தான். சாப்பிட்டுப்போட்டுப் படுத்தவராம்.”

யார் என்று ஐயா கேட்கவில்லை. தமையனார்தான் என்று அவருக்கு இடைவேளையிலேயே தெரிந்துவிட்டதென்று, மாமாவின் சால்வை அண்ணையின் முகத்தில் நின்ற விதத்தில் தெரிந்துவிட்டதென்று, வெகுகாலத்துக்குப் பிறகு அம்மாதான் எனக்குச் சொன்னார். அந்த நிமிஷத்தில் எனக்குப் பட்டது, இவர்கள் இந்த நேரத்தில் என்ன மத்தியானச் சாப்பாட்டுக் கதை கதைக்கிறார்கள் என்பதுதான்.

கோச்சிக்கு நேரமாகிறது, கொள்ளி வைக்கவேண்டியவன் அவன், அவனைக் கூப்பிடட்டுமா என்று மாமா மெல்லிய குரலில் கேட்டார். ஐயா திரும்பி மைதானத்தைப் பார்த்தார். கூட்டம் தெற்குக் கோலைச் சுற்றிக்கொண்டு எங்கள் பக்கம் வந்துகொண்டிருந்தது. எல்லாத் தலைக்கும் மேலே அண்ணை. நாவற்பழச் சட்டை காற்றில் ஊதிப்போய், வாயெல்லாம் பல்லாக, இரண்டு கையையும் விரித்துக்கொண்டு வந்தான். இன்னும் கொஞ்சத் தூரம்தான், வந்து இறங்கிவிடுவான். ஐயா குனிந்து என் தோளைப் பிடித்தார்.

“ஓடிப்போய்ச் சொல்லு, இன்னொரு சுத்து வரட்டாம் எண்டு.”

எந்த விஷயத்திலும் போதும், போதும் என்கிற மனுஷன் எங்கள் ஐயா. மிட்டாய் என்றாலும் ஒன்று, படம் என்றாலும் வருஷத்துக்கு ஒன்று. அந்த ஐயாவே இன்னொரு சுற்றுக் கேட்கிறார் என்றால் அவருக்கு எவ்வளவு சந்தோஷமாக இருக்கவேண்டும் என்று எண்ணிக்கொண்டு, ஐயா சொன்னவர், இன்னொரு சுத்து, இன்னொரு சுத்து என்று கத்திக்கொண்டே நான் அண்ணையை நோக்கி ஓடினேன்.